சிவப்பணுவில் டிஎன்ஏ இல்லை என்றால் ரத்தத்தில் எதைச் சோதிக்கிறார்கள்?

ரெண்டாம்பெஞ்ச்:
வணக்கம் மக்களே. அக்கா பெண் பிளஸ் ஒன் பயாலஜி குரூப். "மனிதச் சிவப்பணுவில் உட்கரு கிடையாது" என்று ஒரு பாடத்தில் வருகிறது, "டிஎன்ஏ உட்கருவில் இருக்கிறது" என்று இன்னொரு பாடத்தில். இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, "அப்பா யார் என்று கண்டுபிடிக்க ரத்தம் எடுக்கிறார்களே மாமா, அதில் என்னதான் இருக்கும்?" என்கிறாள். வெள்ளையணுவாக இருக்கும் என்று தோன்றுகிறது, ஆனால் அது ரத்தத்தில் எவ்வளவு இருந்துவிடப் போகிறது? கூடவே எனக்கும் ஒரு கேள்வி. முடியில் எடுக்கிறார்கள், பல்லில் எடுக்கிறார்கள், எலும்பில் எடுக்கிறார்கள். தொட்ட இடமெல்லாம் டிஎன்ஏ இருக்குமா, இல்லாத இடமும் உண்டா?

ஆய்வகத்தங்கம்:
தம்பி, இது நான் தினமும் செய்கிற வேலை. வெள்ளையணுவேதான்.

ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் வரும். உறையாமல் இருக்க உள்ளே இடிடிஏ தடவியிருக்கும். எங்கள் முதல் வேலையே சிவப்பணுவை ஒழித்துக்கட்டுவதுதான். அதற்கென்று உள்ள கரைசலை ஊற்றிக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கினால், கலங்கலாக இருந்த ரத்தம் சில நிமிடங்களில் தெளிந்த சிவப்புத் தண்ணீராகிவிடும். சிவப்பணு எல்லாம் உடைந்துவிட்டது என்று அர்த்தம். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் குழாயின் அடியில் வெளிறிய பொட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் வெள்ளையணு. அதை உடைத்துத்தான் டிஎன்ஏ எடுக்கிறோம்.

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சிவப்பணு 40, 50 லட்சம் இருக்கும். வெள்ளையணு 4,000 முதல் 11,000 வரைதான். கேட்டால் சொற்பம்தான். ஆனால் ஒரு மில்லி ரத்தத்தில் 30 மைக்ரோகிராம் அளவுக்கு டிஎன்ஏ கிடைத்துவிடும். தந்தை யார் என்று பார்க்கிற சோதனைக்கு ஒரு நானோகிராம் இருந்தாலே நடக்கும். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், 30,000 தடவை செய்யலாம்.

சிவப்பணு தொடக்கத்திலேயே உட்கரு இல்லாதது அல்ல. எலும்பு மஜ்ஜையில் முதிரும்போது உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல் அதை விழுங்கிவிடும். செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலும் தனியாகக் கொஞ்சம் டிஎன்ஏ உண்டு; பிறகு அதையும் கழித்துக்கட்டுகிறது. ஆக, ரத்தத்தில் ஓடும் முதிர்ந்த சிவப்பணுவில் எந்த வகை டிஎன்ஏவும் இல்லை. ஹீமோகுளோபினைச் சுமக்கிற பை, அவ்வளவுதான்.

(பச்சை மூடிக் குழாயில் ரத்தத்தை அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அதில் ஹெப்பாரின் இருக்கிறது. அது டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் பிசிஆர் வேலையைக் கெடுக்கும். பார்த்து அனுப்புங்கள், புண்ணியமாகப் போகும்.)

யாழ்_தென்றல்:
தங்கம் அக்கா சொன்னது பாலூட்டிகளின் கதை. கோழி, மீன், தவளை, பாம்பு எல்லாவற்றின் செங்குழியத்திலும் (சிவப்பணு) கரு உண்டு. கம்பஸில் கோழி இரத்தத்தைக் கண்ணாடியில் பூசி, லீஷ்மன் சாயம் போட்டுப் பார்த்தோம். கலமும் நீள்வட்டம், நடுவில் கடும் ஊதாவில் கருவும் நீள்வட்டம். அடுத்த கண்ணாடியில் எங்கள் விரலில் குத்தி எடுத்த இரத்தம்: எல்லாம் வட்டம், நடுவில் வெளிறிப்போய் வெறுமையாக இருக்கும். ஊதா நிறத்தில் எங்கோ ஒரு வெண்குழியம் அகப்பட்டால்தான் உண்டு. அதனால்தான் ஆய்வுகூடத்தில் மலிவாக, நிறைய டிஎன்ஏ தேவைப்பட்டால் கோழி இரத்தத்தைத் தேடுகிறார்கள்.

ஒட்டகத்தின் செங்குழியமும் நீள்வட்டம்தான், ஆனால் அதற்கும் கரு இல்லை. குருதிச் சிறுதட்டுக்களிலும் (பிளேட்லெட்) கரு இல்லை. இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) மட்டும் இருக்கிறது, அதற்குள் கொஞ்சம் டிஎன்ஏ உண்டு.

மைக்ரோமணி:
அப்போ என்னைக் கடித்த கொசுவைப் பிடித்தால் என் டிஎன்ஏ கிடைக்குமா? சீரியஸாகத்தான் கேட்கிறேன்.

தடயம்:
கிடைக்கும் மணி. கொசு உறிஞ்சிய ரத்தத்தில் உன் வெள்ளையணுவும் போகிறது. அது முழுசாகச் செரிப்பதற்குள், அதாவது ஓரிரு நாளைக்குள் கொசுவைப் பிடித்துவிட்டால் ஆள் அடையாளம் காணும் அளவுக்கு எடுக்க முடிந்திருக்கிறது. ஜப்பானில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

முடி விஷயத்துக்கு வருகிறேன். சினிமாவில் சட்டையில் ஒட்டியிருந்த ஒற்றை முடியை எடுத்து "குற்றவாளி இவர்தான்" என்று முடித்துவிடுவார்கள். உண்மையில் முதலில் பார்ப்பது வேர் இருக்கிறதா என்பதை. பிடுங்கிய முடியின் அடியில், லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஈரமான வெள்ளை உறை ஒன்று தெரியும். அதில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன, உட்கரு டிஎன்ஏ தாராளமாகக் கிடைக்கும். தானாக உதிர்ந்த முடியில் அந்த உறை இருக்காது, காய்ந்த குமிழ் மட்டும்தான். வேருக்கு மேலே இருக்கும் தண்டு கெரட்டின் நிரம்பிச் செத்துப்போன செல்கள். சாகும்போதே உட்கருவைச் சிதைத்துவிடுகின்றன. மிஞ்சுவது துண்டு துண்டான உட்கரு டிஎன்ஏவும், ஓரளவு நல்ல நிலையில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவும். ஒரு செல்லில் உட்கரு ஒன்றே ஒன்று. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை பிரதிகள் இருக்கும். அழிந்தது போக ஏதாவது மிஞ்சும்.

ஆனால் அதை வைத்து ஆளைக் குறிப்பிட்டுச் சொல்ல முடியாது. அது தாயிடமிருந்து மட்டும் வருகிறது. உங்களுக்கும் உங்கள் தங்கைக்கும் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் பெரியம்மா பிள்ளைகளுக்கும் ஒன்றேதான். "இவர் இல்லை" என்று அடித்துச் சொல்லலாம், "இவரேதான்" என்று சொல்ல முடியாது.

ரெண்டாம்பெஞ்ச்:
அப்போ அதனால் என்ன பிரயோஜனம்?

தடயம்:
ரஷ்யப் பேரரசர் ஜாரின் குடும்பம் ஞாபகம் இருக்கிறதா? 1918ல் எகடெரின்பர்க்கில் சுட்டுக் கொன்று புதைத்தார்கள். 1991ல் ஒரு குழியிலிருந்து ஒன்பது எலும்புக்கூடுகளைத் தோண்டி எடுத்தார்கள். யார் யார் என்று எப்படிச் சொல்வது? ஜாரின் மனைவி அலெக்சாண்ட்ராவின் அக்கா விக்டோரியா. விக்டோரியாவின் மகளுடைய மகன்தான் மறைந்த இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் கணவர் பிலிப். முழுக்கத் தாய்வழித் தொடர்பு, நடுவில் ஆண் யாரும் இல்லை. பிலிப் ரத்தம் கொடுத்தார். அலெக்சாண்ட்ராவுடையது என்று கருதிய எலும்பிலும், மூன்று பெண்களின் எலும்பிலும் அவருடைய மைட்டோகாண்ட்ரியா வரிசையே இருந்தது.

ஜார் விஷயம்தான் சிக்கல். அவருடைய தாய்வழி உறவினரோடு ஒப்பிட்டபோது எல்லாம் பொருந்தி, ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஜாரின் எலும்பில் இரண்டு டிஎன்ஏ எழுத்து (காரம்) கலந்து இருந்தது. ஒரே ஆளிடம் இரண்டு வகை மைட்டோகாண்ட்ரியா. இது ஜாரின் எலும்பே இல்லை என்றவர்களுக்குக் கொண்டாட்டம். கடைசியில் ஜாரின் தம்பி ஜார்ஜின் கல்லறையைத் திறந்து எலும்பை எடுத்தார்கள். அதே இடத்தில் அதே கலப்பு அவரிடமும் இருந்தது. சந்தேகத்தைக் கிளப்பிய எழுத்தே சாட்சியாகிவிட்டது.

சந்தேகசாமி:
கதை நன்றாக இருக்கிறது. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவை ஏன் இப்படித் தூக்கிப் பிடிக்கிறீர்கள்? மனித உட்கருவில் 46 குரோமோசோம், ஒரு செட்டுக்கே 300 கோடி எழுத்து. மைட்டோகாண்ட்ரியாவில் 16,569 எழுத்து, 37 ஜீன், அதிலும் புரதம் செய்பவை 13. ஒரு உயிரை உருவாக்குவது உட்கருதான், மற்றதெல்லாம் ஒட்டிக்கொண்ட சோறு. "டிஎன்ஏ உட்கருவில் இருக்கிறது" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும், பரீட்சைக்கும் அதுதான் வரும்.

வயல்வெளி:
சாமி சார், விதை நெல் உற்பத்தி செய்கிறவன் நான். அந்த ஒட்டிக்கொண்ட சோற்றில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

வீரிய ஒட்டு நெல் எப்படி உண்டாக்குகிறார்கள் தெரியுமா? நெல் தன் மகரந்தத்தால் தானே கருவுற்றுக்கொள்ளும் பயிர். இரண்டு ரகத்தை ஒட்டுச் சேர்க்க ஒன்றின் மகரந்தத்தை முடக்க வேண்டும். ஒவ்வொரு பூவாகக் கத்தரி வைத்து வெட்டி மாளுமா? ஆகவே ஆண்மலட்டு வரிசை ஒன்று வைத்திருக்கிறோம், ஏ லைன் என்போம். அந்த மலட்டுத்தன்மையைத் தரும் ஜீன் இருப்பது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில். 1970ல் சீனாவின் ஹைனான் தீவில் நெல் விஞ்ஞானி யுவான் லாங்பிங் குழு கண்டெடுத்த ஒரு காட்டு நெல் செடியிலிருந்து வந்தது அது. பி லைன் என்று இன்னொன்று இருக்கிறது. ஏயும் பியும் உட்கருவில் ஒன்றேதான், உட்கருவுக்கு வெளியே, மைட்டோகாண்ட்ரியா இருக்கும் சைட்டோபிளாசம் மட்டும் வேறு. நாற்றிலும் தூரிலும் எனக்கே வித்தியாசம் தெரியாது. பூ விரிந்த பிறகு மகரந்தப்பையைப் பார்த்தால்தான் தெரியும்: பியில் மஞ்சளாகப் பருத்திருக்கும், ஏயில் வெளிறிச் சுருங்கிக் கிடக்கும். ஏ வரிசையில் ஒரு மஞ்சள் பை கண்ணில் பட்டால் செடியோடு பிடுங்கி எறிய வேண்டும், இல்லையென்றால் விதைச் சான்று கிடைக்காது.

அப்புறம் ஏயோடு ஒட்டுச் சேர்க்கிற ஆர் லைன். அதன் உட்கருவில் இருக்கும் மீட்பு ஜீன் மைட்டோகாண்ட்ரியா செய்த மலட்டை நீக்கிவிடும். அதனால்தான் விவசாயி வாங்கிப் போகிற ஒட்டு விதை வயலில் மணி பிடிக்கிறது. உட்கரு ஒரு பக்கம், மைட்டோகாண்ட்ரியா ஒரு பக்கம், இரண்டும் மல்லுக்கட்டுகிற இடத்தில்தான் எங்கள் தொழில். ஏ வரிசையைப் பெருக்கும்போது எத்தனை தலைமுறை பியின் மகரந்தத்தைப் போட்டாலும் மலடு மாறாது, ஏனென்றால் மைட்டோகாண்ட்ரியா தாய்ச் செடியிலிருந்து மட்டுமே வருகிறது.

இதன் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மக்காச்சோள விதைக்கு இதே மாதிரி டெக்சாஸ் சைட்டோபிளாசம் என்ற ஒன்றை வைத்திருந்தார்கள். கதிர்ப்பூ கிள்ளும் கூலி மிச்சம் என்று எல்லாக் கம்பெனியும் அதையே பிடித்துக்கொள்ள, 1970 வாக்கில் அந்நாட்டு ஒட்டுச் சோளத்தில் சுமார் 85 சதவீதம் அதுதான். அந்த ஆண்டு இலைக்கருகல் பூஞ்சை ஒன்று வந்து நாட்டின் விளைச்சலில் ஏறக்குறைய 15 சதவீதத்தைத் தின்றது. ஆண்மலட்டைத் தந்த அதே மைட்டோகாண்ட்ரியா ஜீன் செய்யும் புரதத்தில்தான் பூஞ்சையின் நஞ்சு போய் ஒட்டுகிறது. ஒட்டியதும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் ஓட்டை விழுகிறது. உட்கருவில் எத்தனை ரகம் கலந்திருந்தும் உதவவில்லை.

சந்தேகசாமி:
சரி, நெல்லுக்கும் சோளத்துக்கும் ஒத்துக்கொள்வோம். மனிதனுக்கு?

ஆய்வகத்தங்கம்:
சார், இளவயதில் வலியே இல்லாமல் ஒரு கண் பார்வை மங்கி, சில வாரங்களிலோ மாதங்களிலோ மறு கண்ணும் மங்குகிற லீபர் நோய் என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் ஆண்களுக்கு வரும், ஆனால் வந்து சேர்வது அம்மா வழியாக. அதற்குக் காரணம் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் 11,778ஆம் இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறுவது என்று 1988ல் கண்டுபிடித்தார்கள். வேறு எழுத்து மாற்றங்களாலும் வருகிறது.

இங்கே வேறொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் பெண்களைக் குற்றம் சொல்கிற வழக்கம் நமக்கு உண்டு. மைட்டோகாண்ட்ரியா நோய் என்றாலே அம்மாவிடமிருந்து வந்தது என்று அர்த்தம் இல்லை. மைட்டோகாண்ட்ரியா வேலை செய்ய ஆயிரத்துக்கும் மேல் புரதம் வேண்டும். அதில் 13 தவிர மற்றதெல்லாம் உட்கரு ஜீன்களிலிருந்து வருகிறது. குழந்தைகளுக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா நோய்களில் பெரும்பாலானவை உட்கரு ஜீன் கோளாறுகள்தான், பெரும்பாலும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பழுது சேர்ந்து வருகிறது. ஜீன் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் அடுத்த குழந்தைக்கு வருமா என்று சொல்ல முடியாது.

2015ல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. அம்மாவின் மைட்டோகாண்ட்ரியா பழுது என்றால், கருவுற்ற முட்டையிலிருந்து உட்கரு டிஎன்ஏவை மட்டும் எடுத்து, இன்னொரு பெண் தானம் கொடுத்த முட்டையில் வைக்கலாம். அப்படி எட்டுக் குழந்தைகள் பிறந்திருப்பதாக 2025ல் நியூகாசிலிலிருந்து அறிக்கை வந்தது.

மாடித்தோட்டம்:
நீங்கள் எல்லாம் பெரிய விஷயம் பேசுகிறீர்கள், நான் செடியோடு வருகிறேன். என் மாடியில் அந்திமந்தாரை இருக்கிறது. ஒரே செடியில் ஒரு கிளை முழுப் பச்சை, ஒன்றில் இலையெல்லாம் வெள்ளை, ஒன்றில் பச்சையும் வெள்ளையும் திட்டுத் திட்டாக. இதே செடியை வைத்துத்தான் 1909ல் கார்ல் கோரன்ஸ் என்கிற ஜெர்மானியர் ஆராய்ந்தார்; மெண்டலின் மரபு விதிகளை 1900ல் தூசி தட்டி எடுத்தவர்களில் ஒருவர். பச்சைக் கிளையின் பூவுக்கு எந்தக் கிளையின் மகரந்தத்தைப் போட்டாலும் விதையெல்லாம் பச்சைச் செடி. வெள்ளைக் கிளையின் பூவில் பச்சைக் கிளையின் மகரந்தத்தைப் போட்டாலும் வெள்ளை நாற்றுதான், முளைத்துக் கொஞ்ச நாளில் பட்டினி கிடந்து செத்துவிடும். திட்டுக் கிளையின் விதையில் மூன்று வகையும் வரும். தகப்பன் மகரந்தம் ஒன்றையும் மாற்றவில்லை.

மெண்டல் விதி இங்கே எடுபடாததற்குக் காரணம், பச்சையம் சம்பந்தப்பட்ட ஜீன்களில் கொஞ்சம் பசுங்கணிகத்திலேயே (குளோரோபிளாஸ்ட்) இருக்கின்றன, அந்திமந்தாரையில் பசுங்கணிகம் சூல் வழியாகத்தான் போகிறது. பசுங்கணிகத்துக்குள் டிஎன்ஏ இருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு பாசியில் பார்த்தது 1962ல். மறு வருடமே மைட்டோகாண்ட்ரியாவிலும் பார்த்துவிட்டார்கள், கோழிக்கருவில். புகையிலையின் பசுங்கணிக டிஎன்ஏவை 1986ல் முழுதாகப் படித்தார்கள், சுமார் 1,56,000 எழுத்து.

எல்லாச் செடியும் இப்படி இல்லை. ஜெரேனியத்தில் அப்பா வழியாகவும் வரும், அதனால் பொதுவாக்கிச் சொல்ல வேண்டாம்.

பனங்காட்டான்:
செடியில் டிஎன்ஏ இல்லாத செல் உண்டா என்று யாரும் கேட்கவில்லையே. உண்டு. தண்ணீர் ஏற்றும் சைலக்குழாய் செத்தபிறகுதான் வேலைக்கே வருகிறது, வெறும் சுவர். சர்க்கரையைக் கொண்டுபோகும் சல்லடைக்குழாய் வேறு ரகம்: உயிரோடு இருக்கும், ஆனால் உட்கருவைக் கரைத்துவிடும். பக்கத்தில் ஒட்டியிருக்கும் துணைசெல்தான் அதற்கும் சேர்த்துக் குடும்பம் நடத்துகிறது. பனையும் தென்னையும் தண்டு பருத்துப் புது வளையம் போடுகிற மரங்கள் இல்லை. ஆரம்பத்தில் உண்டான சல்லடைக்குழாயே பல பத்தாண்டுகள் உயிரோடு வேலை பார்க்கிறது. மனிதச் சிவப்பணு உட்கரு இல்லாமல் 120 நாள் தாங்குவதைப் பெரிதாகச் சொல்கிறார்கள்.

மைக்ரோமணி:
பாக்டீரியாவை விட்டுவிட்டீர்கள். அதற்கு உட்கருவே இல்லை. டிஎன்ஏ செல்லுக்குள்ளேயே சவ்வு இல்லாமல் ஒரு பகுதியில் சுருண்டு கிடக்கும், தனியாகச் சின்னச் சின்ன வளையமாகப் பிளாஸ்மிடும் இருக்கும். ஈ. கோலையின் நீளம் 2 மைக்ரோமீட்டர். உள்ளே இருக்கும் டிஎன்ஏவை நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வரும். வைரஸ் பாதிக் கேஸ்: பெரியம்மைக்கு டிஎன்ஏ, கொரோனாவுக்கு ஆர்என்ஏ மட்டும்.

ரெண்டாம்பெஞ்ச்:
வாழைப்பழத்தில் டிஎன்ஏ எடுக்கிற பிராஜெக்ட் செய்யப்போகிறாளாம். பழத்தை மசித்து, உப்பும் பாத்திரம் கழுவும் லிக்விடும் கலந்து, வடிகட்டி, ஃப்ரீசரில் வைத்த ஸ்பிரிட்டை ஓரமாக ஊற்றினால் வெள்ளையாக நூல் எழும்பும் என்கிறாள். அது உட்கருவில் இருந்ததா, மற்றதா?

ஆய்வகத்தங்கம்:
எல்லாம் கலந்துதான். சோப்பு எந்தச் சவ்வையும் விடாது, உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, கணிகம் எல்லாம் உடையும். அதோடு வாழைப்பழத்தில் அந்த வெள்ளை நூலில் கணிசமான பங்கு பெக்டின் என்ற பழப்பசை, ஆர்என்ஏவும் இருக்கும். "இதுதான் டிஎன்ஏ" என்று டீச்சரிடம் சொல்வதற்குப் பதில் "இதில் டிஎன்ஏவும் இருக்கிறது" என்று எழுதச் சொல்லுங்கள், மார்க் கூடவே விழும்.

முதன்முதலில் எடுத்தவரும் இந்த மாதிரிச் சமையல்கட்டு வேலைதான் செய்தார். 1869ல் டியூபிங்கன் கோட்டையின் பழைய சமையலறையில் ஃப்ரீட்ரிக் மீஷர், ஆஸ்பத்திரியிலிருந்து சீழ் பிடித்த கட்டுத்துணிகளை வாங்கி அலசி, பன்றி இரைப்பையிலிருந்து எடுத்த பெப்சினால் புரதத்தைக் கரைத்து, உட்கருவில் மிஞ்சியதைப் பிரித்தார். சீழ் என்பது செத்த வெள்ளையணு. நான் ஊதா மூடிக் குழாயில் தேடுவதும் அதைத்தான்.

கரிசல்காடு:
எலும்பைப் பற்றி யாரும் பேசவில்லை. கீழடி பக்கத்துக் கொந்தகையில் முதுமக்கள் தாழிகளில் கிடைத்த எலும்பை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறார்கள். எலும்பில் எங்கே இருக்கிறது டிஎன்ஏ?

தடயம்:
எலும்புக்குள் சின்னச் சின்னக் குழிகளில் செல்கள் அடைபட்டு இருக்கும். செத்த பிறகு அவற்றின் டிஎன்ஏ கால்சியம் படிகத்தில் ஒட்டிக்கொள்கிறது, அதனால் தங்குகிறது. பல்லில் எனாமலில் செல்லே இல்லை, உள்ளே இருக்கும் கூழிலும் வேரைப் போர்த்தியிருக்கும் சிமெண்டத்திலும்தான் தேட வேண்டும். பழைய எலும்பென்றால் இன்று எல்லோரும் போவது உள்காதைச் சுற்றியிருக்கும் கபால எலும்புக்கு. உடம்பிலேயே மிகவும் இறுகியது அது. நம்ம ஊர் வெயில்தான் எதிரி. ஹரியானாவில் சிந்துவெளி நகரமான ராகிகடியில் 60க்கும் மேற்பட்ட மாதிரிகளில் தேடியதில், 2019ல் வெளியான ஆய்வில் மரபணுத் தொகுப்பு கிடைத்தது ஒரே ஒரு பெண்ணிடமிருந்து. கொந்தகைக்கும் பொறுமை வேண்டும்.

யாழ்_தென்றல்:
தங்கம் அக்கா, ஒரு இடம் விட்டுப்போயிற்று. கலத்துக்கு வெளியிலும் டிஎன்ஏ இருக்கிறதே. இரத்தத் திரவத்தில் துண்டு துண்டாக மிதப்பதை 1948லேயே பார்த்திருக்கிறார்கள். 1997ல் டென்னிஸ் லோ குழு, ஆண் குழந்தையைச் சுமக்கும் தாய்மாரின் திரவத்தில் ஆணுக்கே உரிய ஒய் நிறமூர்த்தத் (குரோமோசோம்) துண்டுகளைக் கண்டது. கர்ப்பிணிகளுக்குப் பத்தாவது வாரத்துக்கு மேல் டவுன் சிண்ட்ரோம் அபாயத்தைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை அதிலிருந்து வந்ததுதான்.

ஆய்வகத்தங்கம்:
உண்மை. அந்தத் துண்டுகள் பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து உதிர்பவை, 200 எழுத்துக்கும் குறைவான நீளம். டிஎன்ஏ ஹிஸ்டோன் புரதத்தைச் சுற்றிக்கொண்டிருப்பதால் அந்தச் சுற்று தப்பி, இடைவெளியில் வெட்டுப்படுகிறது. அதற்கு ரத்தம் எடுத்தால் வேலை தலைகீழ்: வெள்ளையணு உடைந்து தாயின் டிஎன்ஏ கலந்துவிடக் கூடாது, அதனால் மேலே நிற்கும் மஞ்சள் திரவத்தை மட்டும் பதமாக எடுப்போம். (குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்டு யாரும் தனிமடல் அனுப்ப வேண்டாம். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அதைச் சொல்வது குற்றம்.)

ரெண்டாம்பெஞ்ச்:
கடைசிக் கேள்வி அவளுடையது. ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கு டிஎன்ஏ மாறுமா? மஜ்ஜை மாற்றியவருக்கு?

ஆய்வகத்தங்கம்:
ரத்தம் ஏற்றினால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. பாட்டிலில் வருவது பெரும்பாலும் சிவப்பணு, கூட வரும் கொஞ்ச நஞ்ச வெள்ளையணுவும் தங்காது.

மஜ்ஜை மாற்றினால் கதை வேறு. புது வெள்ளையணு எல்லாம் கொடுத்தவருடைய மஜ்ஜையில் உருவாகிறது. ஆகவே ரத்தத்தில் கொடுத்தவரின் டிஎன்ஏ வரும். அண்ணனுக்குத் தங்கை கொடுத்திருந்தால் அண்ணன் ரத்தத்தில் பெண்ணுக்குரிய எக்ஸ் எக்ஸ் காட்டும். கன்னத்தில் தேய்த்து எடுத்தால் தப்பிக்கலாம் என்று நினைப்பார்கள். எச்சிலில் வெள்ளையணு நிறைய உண்டு, அதனால் அங்கே இருவருடையதும் கலந்து வரும். அவருடைய சொந்த டிஎன்ஏ வேண்டுமென்றால் வேரோடு பிடுங்கிய முடி, இல்லாவிட்டால் தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல். பரிசோதனைப் படிவத்தில் "மாற்றுச் சிகிச்சை செய்ததுண்டா" என்று ஒரு கட்டம் இருக்கும். பாதிப் பேர் அதை நிரப்பாமல்தான் அனுப்புகிறார்கள்.